சினை ஊசிக்கு முந்தைய 30 நொடி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கறவை மாடுகள் சினை பிடிக்காததற்குத் தாது உப்புக் குறைபாட்டையும், பருவத்தைக் கவனிக்கத் தவறுவதையும் தங்கள் நாளிதழின் வேளாண் பகுதிக் கட்டுரை காரணமாகச் சொல்லியிருந்தது. இரண்டும் உண்மையே. ஆனால் சினை ஊசியில் செலுத்தும் உறைவிந்துக் குச்சியை, அதாவது காளையின் விந்தை உறையவைத்து அடைத்த மெல்லிய குழாயை, உருக்கும் முறை பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

கால் மில்லி மட்டுமே கொள்ளும் அந்தக் குச்சியிலுள்ள உயிரணுக்கள், திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் அமிழ்ந்திருக்கும்வரை ஆண்டுக்கணக்கில் கெடுவதில்லை. கெடுவதெல்லாம் வெளியே வரும் வழியில்தான். மெதுவாகச் சூடேறினால் நுண்ணிய பனிப்படிகங்கள் ஒன்றுசேர்ந்து பெரிதாகி, உயிரணுவின் சவ்வைச் சிதைத்துவிடுகின்றன. அதற்கு இடம் கொடுக்காமல், 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் 30 நொடி அமிழ்த்தி விரைவாக உருக்க வேண்டும். திரவ நைட்ரஜன் கலனின் கழுத்துக்கு மேலே குச்சிகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எந்தக் காளையுடையது என்று நிதானமாகத் தேடினால், அன்று எடுக்காத குச்சிகளும் சேர்ந்தே பாழாகும்.

நடைமுறையில் குச்சியை உள்ளங்கையில் வைத்துத் தேய்ப்பதையும், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த தெருவுக்கு வண்டியில் போவதையும், மாட்டுத் தொட்டித் தண்ணீரில் முக்கி எடுப்பதையும் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். வெந்நீர் கேட்டு வாங்குபவர்கள்கூட விரலை விட்டுப் பார்த்து, "சூடு சரியாத்தான் இருக்கு" என்று முடித்துவிடுவார்கள். விரலுக்கு 37 டிகிரியும் 45 டிகிரியும் தெரியவா போகிறது? உருக்கிய பிறகு குச்சியின் மேல் ஒட்டிய ஈரத்தைத் துடைக்காமல் வெட்டினால், உள்ளே இறங்கும் ஒரு சொட்டுத் தண்ணீரே உயிரணுக்களை ஊதச் செய்து கொன்றுவிடும். உருக்கியதை மீண்டும் கலனில் போடவும் முடியாது; வெயில் படாமல், சில நிமிடங்களுக்குள் செலுத்தியாக வேண்டும்.

இப்படிக் கெட்ட குச்சியை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. மாடு மீண்டும் பருவத்துக்கு வரும் 21 நாள் தீவனச் செலவை உழவர் சுமக்க, பழி மாட்டின் மேல் விழுகிறது.

எனவே கருவூட்டலுக்குச் செல்லும் ஒவ்வொருவருக்கும் திரவ நைட்ரஜன் கலனோடு ஒரு வெப்பமானியையும், வெந்நீர் எடுத்துச் செல்ல ஒரு தெர்மாஸ் குடுவையையும் கால்நடை பராமரிப்புத் துறை கட்டாயமாக வழங்க வேண்டும். மாடு வளர்ப்பவர்களும் ஊசி போடுமுன் தண்ணீரின் சூட்டை அளந்து காட்டச் சொல்லிக் கேட்கலாம். அதற்கு ஊழியர் யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
நாமக்கல் மாவட்டம்.