58 தடவைதான், மச்சான்

மஞ்சக்குப்பம், கடலூர்
ஐப்பசி, மழை விட்ட காலை

மச்சான்,

பதினோரு நாளா பதில் போடலை. திட்டிக்கோ, வாங்கிக்கிறேன். அம்மா நல்லா இருக்காங்க. உன்னையும் உங்க வீட்டு வஞ்சிரக் குழம்பையும் ஒரே மூச்சுல விசாரிச்சாங்க. நம்ம சிநேகிதன் கெழுத்திக்கு மறுபடி இடமாற்றம், இந்தத் தடவை நெய்வேலி. அவ்வளவுதான் ஊர்ச் செய்தி.

உன் லேப்டாப்புல சார்ஜ் நிக்கலைன்னு நீ அனுப்பின விண்டோஸ் பேட்டரி ரிப்போர்ட்டை நேத்து ராத்திரிதான் பெருசாக்கிப் பார்த்தேன். டிசைன் கெப்பாசிட்டி, அதாவது புதுசுல பேட்டரி தாங்கின மின்சாரம், 42,000 மில்லிவாட் அவர் (ஆயிரம் சேர்ந்தா ஒரு வாட் அவர்). ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி 31,080. அதாவது பிறந்தப்போ இருந்ததுல 74 சதவீதம்தான் மிச்சம். அதுக்குக் கீழே இருக்குற வரியை நீ கவனிச்ச மாதிரித் தெரியலை. சைக்கிள் கவுண்ட் 58. மூணு வருஷத்துல வெறும் 58!

ஒரு சைக்கிள்னா மொத்தமா நூறு சதவீதம் செலவானது. பாதி பாதியா ரெண்டு நாள் செலவானாலும் ஒண்ணுதான். சாதாரண லேப்டாப் பேட்டரி 300லேர்ந்து 500 சைக்கிள் ஓடின பிறகுதான் 80 சதவீதத்துக்கு இறங்கணும். உன்னுது 58லயே 74. "எப்பவும் சார்ஜர்லயே போட்டுப் பொத்திப் பொத்தி வச்சேன், அப்புறம் எப்படிடா போச்சு"ன்னு எழுதியிருந்த. பொத்தி வச்சதுலதான்டா போச்சு. யார் சொன்னது அந்த யோசனையை? கெழுத்தியாத்தான் இருக்கும்.

லித்தியம் செல்லுக்குப் பிடிக்காதது ரெண்டு: நிறைஞ்சு நிக்கிறது, சூடு. நூறு சதவீதத்துல ஒரு செல் 4.2 வோல்ட்டுல, சிலது அதுக்கும் மேல, விறைச்சு நிக்கும். அந்த அழுத்தத்துல உள்ள இருக்குற திரவம் சும்மா இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாச் சிதையும், ஓடித் திரும்ப வேண்டிய லித்தியமும் மின்முனை மேல படலமாப் படிஞ்சு வீணாப் போகும். வீராணம் ஏரியை வருஷம் பூரா முழு மட்டமான 47.5 அடியிலேயே நிறுத்தி வச்சா கரை என்ன பாடுபடும்? அந்தக் கதைதான். 25 டிகிரியில 40 சதவீத சார்ஜோட ஒரு வருஷம் சும்மா கிடந்தா கொள்ளளவுல 4 சதவீதம் போகும், முழுசா ஏத்தி வச்சா 20 போகும்னு பேட்டரிக்காரங்க அட்டவணையில இருக்கு. 40 டிகிரின்னா அந்த 4 வந்து 15 ஆகும், 20 வந்து 35 ஆகும். உன் ஆபீஸ்ல ஏசி கிடையாது, லேப்டாப்புக்கு அடியில ஃபைல் அடுக்கு, மே மாசக் கத்திரி வேற. கணக்கு சரியா வருதா?

அதனால முதல் வேலை, சார்ஜ் 80லயே நிக்கிற மாதிரி பண்ணு. உன்னுது லெனோவோ, வான்டேஜ்னு ஒரு மென்பொருள் கூடவே வந்திருக்கும். அதுல பவர் பகுதியில கன்சர்வேஷன் மோட் இருக்கும், அதை ஆன் பண்ணு. சில மாடல்ல 60லயே நிறுத்திடும், பயப்படாத. பாப்பாவோடது ஆசஸ், மைஆசஸ்ல பேட்டரி கேர்னு போட்டிருக்கும், 80. அண்ணி ஸ்கூல்ல குடுத்த டெல்லுக்கு பயாஸ்லயே, அதாவது விண்டோஸ் எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி வர்ற அடிப்படை செட்டிங்ஸ்லயே, வழி இருக்கு: ஆன் பண்ணும்போது எஃப்2 தட்டி உள்ள போய், பேட்டரி சார்ஜ் பகுதியில 'பிரைமரிலி ஏசி யூஸ்' வச்சுடு. இதை வச்சதுக்கப்புறம் எவ்வளவு நேரம் வேணா சார்ஜர்ல கிடக்கட்டும். தினம் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருக வேண்டியதில்லை.

போன 26 சதவீதம் போனதுதான், எந்த செட்டிங்கும் திருப்பித் தராது. புது பேட்டரி வாங்கலாம்னு நீ விலை விசாரிச்சது தெரியும். இருடா, ஒரு கணக்கு போடுவோம். உன் ரிப்போர்ட்ல பேட்டரி யூசேஜ்னு ஒரு பட்டியல் இருக்கு, சார்ஜர் இல்லாம எவ்வளவு நேரம் ஓடிச்சு, எவ்வளவு கரைஞ்சுதுன்னு. போன செவ்வாய்க்கிழமை வரியைப் பாரு. 1 மணி 10 நிமிஷத்துல 16,300 மில்லிவாட் அவர் போயிருக்கு. வகுத்தா 14 வாட், அதாவது மணிக்கு 14 வாட் அவர் கரையுற வேகம். டேலி கணக்கு மென்பொருளும் ஜிஎஸ்டி பக்கமும் திறந்து வச்சதுக்கு 14 வாட்டா! அந்த வேலைக்கு 7 வாட்டே தாராளம்.

இப்ப வச்சுக்கோ: இருக்குற 31 வாட் அவரை 14ஆல வகுத்தா ரெண்டே கால் மணி. காசு குடுத்து புதுசு போட்டா 42ஐ 14ஆல வகுக்கணும், மூணு மணி. பழசையே வச்சுக்கிட்டு செலவை 7க்கு இறக்கினா? நாலரை மணி கிட்ட வரும். பைசா செலவில்லை. புது பேட்டரி வாங்குறவன் எல்லாரும் இந்த வகுத்தலை மட்டும் போட்டுப் பார்க்கிறதே இல்லை.

எங்கேர்ந்து இறக்குறது? திரைதான் முதல் திருடன். 15 அங்குலத் திரை முழு வெளிச்சத்துல சுமாரா 4, 5 வாட் குடிக்கும், மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும். நீ ஜன்னலுக்கு எதிர்க்க உக்காந்துக்கிட்டு வெளிச்சத்தை நூறுல வச்சிருக்க. நாற்காலியைத் திருப்பிப் போடு, 40 போதும். கருப்புப் பின்னணி மாத்தினா மிச்சமாகும்னு யாரோ சொன்னாங்கன்னு எழுதியிருந்த. ஓஎல்இடி திரைக்கு அது சரி, அங்க கருப்புன்னா அந்தப் புள்ளி அணைஞ்சே போகும். உன்னுது எல்சிடி. பின்னாடி விளக்கு எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும், முன்னாடி கருப்புத் துணி போட்ட மாதிரி. கண்ணுக்கு இதமா இருந்தா வச்சுக்கோ.

அடுத்தது பவர் மோட். செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் அண்ட் பேட்டரி. அங்க உன்னுது 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்'ல நிக்குது, ஃபோட்டோவுலயே தெரியுது. பேட்டரியில ஓடும்போது 'பெஸ்ட் பவர் எஃபிஷியன்சி' வை. பிராசசர் சின்ன வேலைக்குக்கூடத் துள்ளி எழுந்து உச்ச வேகத்துக்குப் போகும் பாரு, அந்தத் துள்ளல்லதான் வாட் பறக்கும், ஃபேன் கத்தும். இன்னும் அடக்கணும்னா கன்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், பிராசசர் பவர் மேனேஜ்மென்ட். அதுல மேக்சிமம் பிராசசர் ஸ்டேட், 'ஆன் பேட்டரி'க்கு மட்டும் 100ஐ 99 ஆக்கு. ஒண்ணே ஒண்ணு குறைச்சா என்ன ஆகும்னு சிரிக்காத, டர்போங்கிற அந்தத் துள்ளல் மொத்தமா நின்னுடும். டேலிக்கு வித்தியாசமே தெரியாது. புது மெஷின் பலதுல இந்த வரி கண்ணுக்கே படாது. படலைன்னா விட்டுடு, ரெஜிஸ்ட்ரின்னு இருக்குற விண்டோஸ் அடிமடியைத் தோண்டாத. உன் கை ராசி ஊருக்கே தெரியும்.

முன்னாடி சொன்ன பவர் அண்ட் பேட்டரி பக்கத்துல எனர்ஜி சேவர் இருக்கும், பழைய பதிப்புல பேட்டரி சேவர்னு பேரு. கடைசி நேரத்துல விழிச்சுக்கிறது எதுக்கு? 50 சதவீதத்துலயே தொடங்குற மாதிரி வை. பின்னாடி ஓடுறதை அடக்கி, வெளிச்சத்தையும் தானே கொஞ்சம் குறைச்சுடும்.

பிரவுசரைப் பத்திப் பேசினா உனக்குக் கோபம் வரும். 43 டேப்! அதுல பாதி ஓயாம விளம்பரப் படம் ஓட்டுற செய்திப் பக்கம். குரோம்ல செட்டிங்ஸ், பெர்ஃபார்மன்ஸ் போய் மெமரி சேவர், எனர்ஜி சேவர் ரெண்டையும் ஆன் பண்ணு. வீடியோ கால்தான் தினசரி வேலையில பெரிய பகாசுரன்: கேமரா, நெட், படத்தைச் சுருக்கி அனுப்புறது எல்லாம் ஒரே நேரத்துல. முதுகுக்குப் பின்னாடி மங்கலாக்குற வித்தை அதுக்கும் மேல. உன் பின்னாடி இருக்குற காலண்டரை கிளையன்ட் பார்த்தா ஒண்ணும் குடி முழுகாது. ப்ளூடூத்தை அணைக்கிறது, பேட்டரி டாக்டர்னு எதையாவது இறக்கிப் போடுறது இதெல்லாம் சில்லறை. பின்னதுல உபத்திரவமே அதிகம்.

பாப்பா விஷயம் வேற. ஈசிஆர் பஸ்ல சென்னை போறதுக்குள்ள, மூடி வச்ச லேப்டாப் பைக்குள்ளேயே கொதிச்சு முப்பது சதவீதம் காணாமப் போகுதுன்னு சொன்னாளே. இப்ப வர்ற லேப்டாப்பெல்லாம் மூடினா முழுசாத் தூங்காது, ஃபோன் மாதிரி அரைத் தூக்கம். நெட்டோட ஒட்டிக்கிட்டு மெயில் பார்க்கும், அப்டேட் இறக்கும். பைக்குள்ள காத்து கிடையாது, சூடு எங்க போகும்? மருந்து ஹைபர்னேட். நினைவுல இருக்குறதை எல்லாம் எஸ்எஸ்டி டிஸ்க்குல எழுதி வச்சுட்டு நிஜமாவே அணைஞ்சுடும், திரும்ப எழுந்திரிக்கக் கொஞ்ச நேரம் கூட ஆகும், அவ்வளவுதான். கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், இடது பக்கம் 'சூஸ் வாட் குளோசிங் த லிட் டஸ்'. பேட்டரி, சார்ஜர் ரெண்டு கட்டத்துலயும் ஹைபர்னேட் வைக்கச் சொல்லு. பட்டியல்ல அந்தப் பேரே இல்லைன்னா, கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டரா திறந்து பவர்சிஎஃப்ஜின்னு ஒட்டி அடிச்சு, ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு ஹைபர்னேட், மறுபடி இடம் விட்டு ஆன். எல்லாம் ஆங்கில எழுத்துல. என்டர் தட்டினா வந்துடும்.

அவளோடதுல தனி கிராஃபிக்ஸ் கார்டும், நொடிக்கு 144 தடவை படம் மாத்துற 144 ஹெர்ட்ஸ் திரையும் இருக்கு. பஸ்ல பாடம் படிக்க அது எதுக்கு? டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேல 60க்கு இறக்கட்டும். கிராஃபிக்ஸ் பக்கத்துல பிரவுசர், வேர்ட் எல்லாத்துக்கும் 'பவர் சேவிங்' வைக்கட்டும். அந்த என்விடியா கார்டு சும்மா விழிச்சிருந்தாலே சில வாட் போகும். விசைப்பலகை கலர் கலரா எரியுறதையும் அணைக்கச் சொல்லு. என் பேரைச் சொல்லாத, என்னை வில்லனாக்கிடாத.

இப்ப சிரிப்பை விட்டுட்டுப் படி. கடைசி வரியில ஏதோ போகிற போக்குல எழுதியிருந்த, அலமாரியில இருக்குற பழைய லேப்டாப்புக்கு டச்பேட் அமுங்க மாட்டேங்குது, மூடி சரியா ஒட்ட மாட்டேங்குதுன்னு. நேத்து ராத்திரி அந்த வரியைப் பார்த்துத்தான் இன்னைக்கே எழுத உக்காந்தேன். டச்பேட் பெரும்பாலும் பேட்டரிக்கு நேர் மேலயே இருக்கும். அது மேல தூக்குதுன்னா உள்ள பேட்டரி உப்பியிருக்கும், சிதைஞ்ச திரவத்துலேர்ந்து வந்த வாயு. சமதளமான மேசையில வச்சுப் பாரு. கால் ஒட்டாம ஆடினா சந்தேகமே வேண்டாம். அதுல இனி சார்ஜர் சொருகாத, ஆன் பண்ணிப் பார்க்காத. அமுக்கி மூடாத, குத்தி வாயுவை விடலாம்னு ஊசி எடுக்காத. துணிமணி இருக்குற அலமாரியிலேர்ந்து வெளிய எடுத்து, வெயில் படாத சிமென்ட் தரையில, பக்கத்துல எரியுற பொருள் இல்லாம வை. சர்வீஸ் சென்டர்ல 'பேட்டரி உப்பியிருக்கு'ன்னு முதல்லயே சொல்லிட்டுக் குடு. கழட்டினதைக் குப்பை வண்டியில போடக் கூடாது, மின்கழிவு எடுக்கிறவங்கதான் எடுக்கணும். ஓரமா எடுத்து வைக்கிற எந்த லேப்டாப்பையும் பாதி சார்ஜ்ல அணைச்சு வை, ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை பார்த்து பாதிக்கே ஏத்து. அது முழு சார்ஜ்லயே எத்தனை நாள் கிடந்துதோ!

மழை பத்தி ஒண்ணு. 2011 டிசம்பர் 30 தானே புயலை நம்ம ரெண்டு ஊரும் மறக்காது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் உங்க புதுச்சேரி பக்கம்தான் கரையேறினது. புயல் சின்னம்னு செய்தி வந்த அன்னைக்கு மட்டும் அந்த 80 வரம்பை எடுத்துட்டு எல்லாத்தையும் நூறு ஏத்திக்கோ, புயல் போனதும் திரும்ப வை. ரெண்டு நாள் நூறுல இருந்தா ஒண்ணும் ஆகாது. கரண்ட் இல்லாதப்போ லேப்டாப்லேர்ந்து ஃபோனுக்கு சார்ஜ் ஏத்தாத: 7 வாட்டோட ஃபோன் ஒரு 5 வாட் இழுக்கும், நாலரை மணி ரெண்டரை மணியாச் சுருங்கிடும். ஃபோனுக்குத் தனியா ஒரு பவர் பேங்க் வச்சுக்கோ.

20 சதவீதம் காட்டிக்கிட்டே உன்னுது பொசுக்குனு அணைஞ்சு போகுதே, அது அளவுமானி குழம்பினதா இருக்கலாம். ஒரே ஒரு தடவை அந்த 80 வரம்பை எடுத்துட்டு நூறு ஏத்தி, தானா ஹைபர்னேட் ஆகிற வரைக்கும் ஓட்டி, மறுபடி நிறுத்தாம நூறு ஏத்து. சரியாகலைன்னா செல்லே தளர்ந்துடுச்சுன்னு அர்த்தம், அப்ப புதுசு வாங்கலாம். வாங்கும்போது லேப்டாப் மாடல் பேரை மட்டும் சொல்லிட்டு வந்துடாத. பழைய பேட்டரி மேல ஒட்டியிருக்குற பார்ட் நம்பர், வோல்ட், வாட் அவர் மூணும் ஒத்துப் போகணும். தயாரிச்ச மாசத்தையும் பாரு, கடை அலமாரியில ரெண்டு வருஷம் கிடந்தது புதுசு ஆகாது. மாட்டின கையோட அங்கேயே ரிப்போர்ட் எடு. ஸ்டிக்கர்ல 42 இருந்து ஃபுல் சார்ஜ்ல 33 காட்டினா அப்பவே திருப்பிக் குடு.

வெளிச்சம் 40, பவர் மோட், டேப் பத்துக்குள்ள. இந்த மூணை மட்டும் பண்ணிட்டு ஒரு மணி நேரம் சார்ஜர் இல்லாம ஓட்டி, புது ரிப்போர்ட் எடுத்து அனுப்பு. 8 வாட்டுக்கு மேல இருந்தா வேற என்ன குடிக்குதுன்னு டாஸ்க் மேனேஜர்ல தேடுவோம். அதுக்கு அவசரம் இல்லை, ஞாயித்துக்கிழமை பண்ணு. அலமாரியில இருக்குறதை மட்டும் இதைப் படிச்ச உடனே எடுத்து வெளிய வச்சுட்டு, வச்சாச்சுன்னு ஒரு வரி போடு.

உன்,
குண்டூசி