உன் மெயில்களைப் படித்தபோது தோன்றியவை

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிவைத்த மெயில்களை எல்லாம் படித்துவிட்டேன். நான்கு வரி எழுத அரை மணி நேரம் ஆகிறது, எழுதி முடித்தாலும் அனுப்பக் கை வரமாட்டேன் என்கிறது என்று போனில் சொன்னாயே, அதிலிருந்து எனக்கு மனசே கேட்கவில்லை. வேலையில் நீ எவ்வளவு கெட்டிக்காரி என்று எனக்குத் தெரியும். இந்த மெயில்களால் அது மற்றவர் கண்ணுக்குத் தெரியாமல் போகக் கூடாது. அதனால் வரி வரியாக உட்கார்ந்து பார்த்தேன்.

நீ பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை அம்மா. திரும்பத் திரும்ப வருவது நான்கைந்து தவறுகள்தான். பெரும்பாலும், தமிழில் சரியாக யோசித்ததை அப்படியே ஆங்கிலத்தில் வைத்ததால் வந்தவை. எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால் திருத்துவது கஷ்டமில்லை.

'ஐ ஹேவ் சென்ட் த ஃபைல் எஸ்டர்டே' என்று எழுதியிருக்கிறாய். தமிழில் 'நேற்றே அனுப்பிவிட்டேன்' என்று தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் 'ஹேவ் சென்ட்' பக்கத்தில் 'எஸ்டர்டே' வராது. நேற்று, போன திங்கட்கிழமை, 2019இல் என்று முடிந்துபோன ஒரு நேரத்தைச் சொல்லிவிட்டால் வெறும் 'சென்ட்' போதும். எப்போது என்று சொல்லாமல், வேலை முடிந்துவிட்டது என்பதை மட்டும் தெரிவிக்கும்போது 'ஐ ஹேவ் சென்ட் த ஃபைல்' என்று எழுது.

'எ', 'த' இரண்டும் உன்னைப் படுத்துகிறது என்றாய். நம் மொழியில் ஆர்ட்டிகிள் கிடையாது என்பது உண்மைதான். ஆனால் அந்த வித்தியாசம் நமக்குத் தெரியாதது இல்லை. 'ரிப்போர்ட் எழுதினேன்' என்பதற்கும் 'ரிப்போர்ட்டை எழுதினேன்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை யோசித்துப் பார். 'ரிப்போர்ட்டை' என்றால் எந்த ரிப்போர்ட் என்று கேட்பவருக்கும் ஏற்கெனவே தெரியும். மனதுக்குள் அந்த 'ஐ' உருபு வருகிற இடத்தில் பெரும்பாலும் 'த' வரும். 'ஒரு ரிப்போர்ட்' என்று தோன்றினால் 'எ'. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது, ஆனாலும் உன் மெயில்களில் முக்கால்வாசி இடங்கள் இதிலேயே சரியாகிவிடும். 'ஆன்' போடுவதற்குக் காதை மட்டும் நம்பு, எழுத்தைப் பார்க்காதே. 'ஹவர்' என்று எழுதினாலும் காதில் விழுவது 'அவர்', அதனால்தான் 'ஆன்'. ஆனால் 'யூ' என்று ஒலிப்பதால் 'எ யூனிவர்சிட்டி'.

சின்ன விஷயம் இரண்டு. 'டிஸ்கஸ் அபௌட்' வேண்டாம், 'டிஸ்கஸ்' மட்டும் போதும். 'ஐ ஆம் ஹேவிங் எ டவுட்' என்பதற்குப் பதில் 'ஐ ஹேவ் எ கொஸ்டின்' என்று எழுது. 'டவுட்' என்றால் எதிரில் இருப்பவர், நீ அவரை நம்பவில்லை என்றுகூட எடுத்துக்கொள்ளலாம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். உன் வாக்கியங்கள் ரொம்ப நீளம். தமிழில் பார்த்து, கேட்டு, சரிசெய்து, திரும்ப அனுப்பிவிட்டேன் என்று எச்சமாகவே கோத்துக்கொண்டு போய்க் கடைசியில் ஒரு வினையில் முடிக்கலாம், படிக்க நன்றாகவும் இருக்கும். அதையே ஆங்கிலத்தில் 'அண்ட்', 'அண்ட்' என்று கோத்தால் படிப்பவருக்கு மூச்சு முட்டும். எச்சம் வருகிற இடத்திலெல்லாம் முற்றுப்புள்ளி வைக்க முடியுமா என்று பார். ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி.

அதே பழக்கம் மெயில் முழுக்கவும் இருக்கிறது. காரணம், பின்னணி, நடந்த கதை எல்லாம் சொல்லி, கடைசி வரியில் 'ஆகவே இரண்டு நாள் கூடுதலாக வேண்டும்' என்கிறாய். நேரில் பேசும்போது அது மரியாதை. ஆனால் உன் மேனேஜர் இதைப் போன்ற எத்தனையோ மெயில்களுக்கு நடுவில், இதைப் போனில் பார்க்கிறார். முதல் வரியிலேயே கேள்: 'குட் வீ மூவ் த டெட்லைன் ஃப்ரம் மண்டே டு வெட்னஸ்டே?' காரணம் அடுத்த வரியில் வரட்டும். சப்ஜெக்ட்டில் 'அப்டேட்' என்று மட்டும் போடாமல், எந்த வேலை, என்ன வேண்டும் என்று எழுது. முதலிலேயே கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றினால் 'குட்', 'ப்ளீஸ்' இருக்கின்றன, அந்தப் பணிவு போதும்.

'ப்ளீஸ் டூ த நீட்ஃபுல்' என்பதை மட்டும் விட்டுவிடு அம்மா. வெளிநாட்டில் இருக்கும் உன் சகபணியாளருக்கு அது விளங்காமல் போகலாம். விளங்கினாலும் என்ன செய்ய வேண்டும் என்று அதில் எங்கே இருக்கிறது? யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று எழுதிவிட்டால் அவர் திரும்பக் கேட்க வேண்டியதில்லை. 'ரிவர்ட்' என்பதும் அப்படித்தான். பல நாடுகளில் அதற்குப் பழைய நிலைக்குத் திரும்புவது என்றுதான் பொருள். 'ரிப்ளை' என்றே எழுது.

காற்புள்ளிக்கெல்லாம் இவ்வளவு கவலைப்பட வேண்டுமா என்று கேட்டாய். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஒரு பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள் ஓவர்டைம் கேட்டு வழக்குப் போட்டார்கள். எந்தெந்த வேலைக்கு ஓவர்டைம் கிடையாது என்று சட்டத்தில் ஒரு பட்டியல். அதன் முடிவில் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என்று இருந்தது. 'ஷிப்மென்ட்' பக்கத்தில் காற்புள்ளி இல்லை. விநியோகம் என்பது தனி வேலையா, அல்லது விநியோகத்துக்காகப் பொதி கட்டுவதா? தனி வேலை என்றால் விநியோகம் செய்யும் ஓட்டுநர்களுக்கு ஓவர்டைம் கிடையாது, பொதி கட்டுவது மட்டும் என்றால் உண்டு. தெளிவாக இல்லை என்று 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓட்டுநர்கள் பக்கம் நின்றது. 2018இல் நிறுவனம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. உன் மெயிலுக்கு வழக்கு வராது, ஆனாலும் இரண்டு விதமாகப் படிக்க முடிகிற வரியை அப்படியே அனுப்பாதே.

இலக்கணம் திருத்தும் ஆப் பயன்படுத்துவதில் தப்பில்லை. முதலில் நீயே எழுது, அப்புறம் அதில் போட்டுப் பார். அது மாற்றிய இடங்களை உடனே ஏற்றுக்கொள்ளாமல், ஏன் மாற்றியது என்று பார்த்து ஒரு நோட்டில் குறித்துவை. ஒரே தவறு மூன்றாம் முறை வந்தால் அன்றைக்கு அதை மட்டும் படி. உன் டீமில் யாருடைய மெயில் ஒரே வாசிப்பில் புரிகிறதோ, அதையும் தனியாகச் சேர்த்துவை. அவர் எப்படித் தொடங்குகிறார், எங்கே முடிக்கிறார் என்று கவனி. அனுப்பும் முன் ஒருமுறை வாய்விட்டுப் படி. நாக்கு தடுக்குகிற இடத்தில் வாக்கியத்தை உடை.

வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டிய அந்த அறிக்கையின் முதல் பத்தியை மட்டும் இன்று எழுதி அனுப்பு. ராத்திரியே பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா