தம்பிக்கு: கை மட்டும்தானா?

அன்புள்ள தம்பிக்கு,

"ஹெர்னியா ஆபரேஷனுக்குக் கையைப் பற்றி எதுக்குக்கா சொல்லணும்? எனக்குக் கை மட்டும்தானே" என்று நேற்று போனில் கேட்டாய். உடனே பதில் சொல்ல வரவில்லை. உனக்கிருக்கும் மயோடோனிக் டிஸ்ட்ரோபி, இறுகிய தசை சட்டென்று தளராத பரம்பரை வியாதி. இதே வியாதி உள்ள வேறு வீட்டுக்காரர்களுக்கும் உதவட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன். பெயர் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

அப்பாவுக்கும் கைதான் முதலில். மார்கழிக் காலையில் குளித்துவிட்டுச் செம்பைக் கீழே வைப்பார்; விரல்கள் செம்பின் கழுத்தை விடாது. இடது கையால் ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுப்பார். நாலைந்து முறை மூடித் திறந்தால் சரியாகிவிடும். குளிருக்கு நரம்பு இழுக்கிறது என்று தைலம் தேய்த்தோம். நாற்பத்திரண்டு வயதில் கண்புரை. "இந்த வயசிலேயா?" என்று கேட்ட டாக்டர், ஆபரேஷன் செய்து அனுப்பிவிட்டார். அப்புறம் பகல் தூக்கம். பந்தியில் இலை போட்டுச் சாதம் வருவதற்குள் தலை சாய்ந்துவிடும். சித்தப்பா அவரைச் சோம்பேறி என்பார், நாமும் சிரித்திருக்கிறோம். பிறகு மலச்சிக்கல், தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாத கழுத்து, படியில் தடுக்கும் பாதம். ஒவ்வொன்றுக்கும் ஒரு டாக்டர். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

மயோடோனிக் டிஸ்ட்ரோபி என்ற பெயரே உன் ரிப்போர்ட்டில்தான் நமக்குத் தெரிந்தது. 1909-இலேயே ஜெர்மனியில் ஸ்டைனர்ட் என்ற டாக்டர் விவரித்த நோய். மரபணுக் கோளாறு பிடிபட்டது 1992-இல். பத்தொன்பதாவது குரோமோசோமில் சிடிஜி என்ற மூன்று டிஎன்ஏ எழுத்துகள் எல்லோருக்கும் சில முறை திரும்பத் திரும்ப வரும். ஐம்பதைத் தாண்டினால் நோய். சிலருக்கு ஆயிரத்தையும் தாண்டும். அந்த நீண்ட பகுதியிலிருந்து உருவாகும் ஆர்என்ஏ என்ற மரபணு நகல், மற்ற மரபணுக்களுக்கு வேண்டிய புரதங்களைப் பிடித்துவைத்துக்கொண்டு விடுவதில்லை, அப்பாவின் கை செம்பைப் பிடித்த மாதிரி. தசை நோய் என்று சொன்னாலும் கண், குடல், மூளை, இதயம் எல்லாம் மாட்டுவது அதனால்தான். எது முதலில், எது பின்னால் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

எனக்குப் பயம் இதயத்தைப் பற்றித்தான். கைகால் நன்றாக இருக்கிறவருக்கும் இதயத்தின் மின்பாதையில் தடை வரலாம். படபடப்பு, மயக்கம் எதுவும் தெரியாமலேகூட. அதனால்தான் வருஷா வருஷம் ஈசிஜி. தேவைப்பட்டால் பேஸ்மேக்கர். அப்பாவுக்கு ஒருமுறைகூட ஈசிஜி எடுத்ததில்லை. அவர் இறந்த அந்த விடியற்காலை என்ன ஆனது என்று இனி யாரைக் கேட்பது?

ஹெர்னியாவுக்கு வருகிறேன். இந்த நோய்க்காரர்களுக்கு மயக்க மருந்து சாதாரண விஷயமில்லை. தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சினில்கோலின் உனக்குத் தாடையை இறுக்கிவிடலாம். மூச்சுக்குழாய் போடுவதே சிரமமாகும். வலி மருந்து மூச்சை அளவுக்கு மீறி மந்தமாக்கலாம். முன்கூட்டியே தெரிந்தால் வேறு மருந்து தேர்ந்தெடுப்பார்கள், ஆபரேஷன் முடிந்தும் கூடுதல் நேரம் கண்காணிப்பார்கள். கத்தி பிடிக்கிற டாக்டரிடம் மட்டும் சொன்னால் போதாது. மயக்க மருந்து டாக்டரிடம் நேராகச் சொல். மதியம் பஸ்ஸில் ஸ்டாப் தாண்டித் தூங்கிவிடுகிறாயே, அதையும் சொல்.

நானும் போன வாரம் மரபணுச் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டேன். அப்பாவின் நோய் எனக்கும் வந்திருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு, உனக்கிருந்த அதே வாய்ப்பு. வியாழக்கிழமை லீவு போட்டிருக்கிறேன். டாக்டரிடம் நீயே சொல்கிறாயா, நான் வந்து சொல்லட்டுமா?

அக்கா