செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: வெறுங்கைச் சண்டை விதி பற்றிய விளக்கத்துடன்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இன்று வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை, மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாக டைஸ் உருட்டிக் கதை ஆடும் நம் மன்றம் செய்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

ஞாயிறு ஆட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. மழைக்காலத்தில் கூடத்துக்குள் தண்ணீர் வந்ததால் சில வாரங்கள் மாடியில் ஆடினோம். பொங்கல் விடுமுறையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒருநாள் ஆட்டம் நடத்தப்பட்டது. புதிய டைஸ் செட்டுகள் வாங்கப்பட்டன.

இந்த ஆண்டின் முக்கியமான வேலை, வெறுங்கைத் தாக்குதலுக்கென்று மன்றம் வகுத்த பொது விதி. அது ஏன் தேவைப்பட்டது, ஏன் இந்த வடிவத்தில் வந்தது என்பதை விரிவாகவே எழுதுகிறேன். அதைக் குறை சொல்பவர்களில் பலர் அது உருவான கூட்டங்களுக்கு வராதவர்கள் என்பதால், எழுத்தில் ஒரு பதிவு இருப்பது அவசியம்.

ஜூன் மாதம் ஒரு மேசையில், ஆடிய கதைக்குள் சத்திரத்துச் சண்டை ஒன்று நடந்தது. ஸ்ட்ரெங்த் (பலம்) 16 உள்ள ஒரு ஃபைட்டர் (போர்வீரர் கதாபாத்திரம்) சத்திரக்காரர் முகத்தில் ஒரு குத்து விட்டார். நாம் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 விதிப்படி வெறுங்கைக் குத்தின் டேமேஜ் (காயப் புள்ளி) ஒன்றோடு ஸ்ட்ரெங்த் போனஸ் மூன்று, மொத்தம் 4. சாதாரணக் குடிமக்களுக்கு அதே விதிகள் தரும் ஹெச்பியும் (உயிர்ப் புள்ளி) 4தான். சத்திரக்காரர் விழுந்தார். விழவைக்கும் நொடியிலேயே "மயக்கம் மட்டும் போதும்" என்று சொல்ல ஆட்டக்காரருக்கு உரிமை உண்டு. அவர் சொல்லவில்லை. சத்திரக்காரர் செத்துவிட்டார் என்று டிஎம் (ஆட்டத்தை நடத்தித் தீர்ப்புச் சொல்பவர்) அறிவித்தார். மறுவாரம் அந்த மேசையே கூடவில்லை. இதே நிலைமைக்கு இன்னொரு மேசையில் வேறொரு டிஎம் நேர்மாறாகத் தீர்ப்புச் சொன்னது பிறகு தெரியவந்தது. ஒரே மன்றத்தில் ஒரே குத்துக்கு ஒரு மேசையில் கொலைப்பழி, அடுத்த மேசையில் வெறும் மயக்கம் என்றால், மேசை மாறி ஆடும் உறுப்பினர் எதை நம்பி ஆடுவார்?

உறுப்பினர்கள் இரண்டு கட்சியானார்கள். அச்சில் உள்ளபடியே ஆடினால் போதும் என்றது ஒன்று. நிஜச் சண்டை இப்படியா இருக்கும் என்று கேட்டது மற்றொன்று. இரண்டாம் கட்சியிடம் வலுவான ஒரு கணக்கு இருந்தது. அதே ஃபைட்டர் கையில் குறுவாள் இருந்தால் டேமேஜ் ஒரு டி4 (நான்கு முக டைஸ்) கூட்டல் 3, அதாவது சராசரி ஐந்தரை. வெறுங்கைக்கு 4. கூரிய கத்திக்கும் வெறும் முட்டிக்கும் நடுவே ஒன்றரைப் புள்ளிதான் வித்தியாசம். முழு இரும்புக் கவசம் போட்டவரை அவர் முட்டியால் குத்தினாலும், ரோல் ஏசி (குத்து படுவதற்கு டைஸில் எட்டவேண்டிய எண்) 18ஐ எட்டிவிட்டால் அதே 4.

ஆனால் எண்களைத் திருத்தி நிஜத்தைக் கொண்டுவரலாம் என்று முன்பே முயன்றிருக்கிறார்கள். இதே ஆட்டத்தின் பழைய பதிப்புகளைப் பாருங்கள். 1979இல் குத்துவது, பிடிப்பது, மேலே விழுந்து அமுக்குவது என ஒவ்வொன்றுக்கும் சதவீத டைஸ் வைத்துத் தனித்தனி முறை வந்தது. மற்ற சண்டைக்கு ஒரு கணக்கு, இதற்கு மட்டும் இன்னொரு கணக்கு என்றானதால் அதைத் தொட ஆளில்லை. 1989இல் வந்த அட்டவணையில் எந்த வகைக் குத்து விழுந்தது, மயக்கத்துக்கு எத்தனை சதவீதம் என்பதையெல்லாம் டைஸே சொன்னது. டேமேஜில் கால் பங்கு மட்டும் நிஜக் காயம், முக்கால் பங்கு தற்காலிகம். படிக்க அழகாக இருக்கும், ஆனால் எந்தக் குத்தை விடுவது என்று ஆட்டக்காரர் முடிவுசெய்ய அதில் வழியில்லை. 2014 எல்லாவற்றையும் ஒரே வரியில் முடித்தது. 2024 பதிப்பு குத்து, பிடி, தள்ளு மூன்றையும் ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவந்தது. நல்ல ஒழுங்கு, ஆனால் நம் சத்திரத்துச் சிக்கலை அதுவும் தீர்க்கவில்லை.

இந்த வரிசையில் நான் பெரிதும் மதிப்பது 2000ஆம் ஆண்டுப் பதிப்பை. தேர்ச்சி இல்லாதவர் வெறுங்கையோடு ஆயுதக்காரரைத் தாக்கப் போனால் ஆயுதக்காரருக்கு முதலில் ஒரு வெட்டு உண்டு என்றது அது. எந்த எண்ணும் சொல்லாத உண்மையை அந்த ஒரு விதி சொல்லிவிடுகிறது. ஆட்டக்காரர் வாள்காரரை நெருங்கும் முன் யோசிக்கிறார். அவருடைய முடிவை மாற்றும் இடத்தில் மட்டும் நிஜம் விதிக்குள் வந்தால் போதும் என்பதே என் நிலைப்பாடு. மன்ற விதி முழுக்க அதன்மேல் எழுந்தது.

வடசென்னையில் குத்துச்சண்டைப் பயிற்சி எடுக்கும் நம் உறுப்பினர் ஒருவர் செப்டம்பர் கூட்டத்தில் செய்து காட்டி விளக்கினார். கையில் பட்டை சுற்றி, கிளவுஸ் மாட்டிக்கொள்வது எதிராளிக்காக மட்டுமில்லை, தன் கைக்காகவும்தான் என்றார். வெறும் முட்டியால் மண்டையில் குத்தினால் சுண்டுவிரலுக்குக் கீழுள்ள எலும்பு முறிவது சகஜம். குத்துச்சண்டைக்காரர் முறிவு என்றே மருத்துவர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். 1889இல் ஜான் சல்லிவனும் ஜேக் கில்ரெய்னும் வெறுங்கையோடு மோதிய பட்டப் போட்டி 75 சுற்று, இரண்டு மணி நேரத்துக்கும் மேல் நடந்தது. ஒரே குத்தில் ஆள் சாகும் என்பவர்களும், குத்தில் ஒன்றுமே ஆகாது என்பவர்களும் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். கவசச் சண்டைக்கு ஐரோப்பாவின் 15ஆம் நூற்றாண்டுச் சண்டைக் கையேடுகள் காட்டும் வழியும் குத்து அல்ல. மல்லுக்கட்டிக் கீழே தள்ளி, கவசத்தின் இடுக்கில் குறுவாளை ஏற்றுவதுதான்.

இவற்றிலிருந்து வந்த விதி நான்கே வரி. வெறுங்கைக் குத்தில் எதிராளியின் ஹெச்பி பூஜ்யமானால் அது மயக்கம்தான், கொல்ல நினைப்பவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உலோகக் கவசம் அணிந்தவரைக் குத்தி ரோல் தவறினால் குத்தியவருக்கு 1 டேமேஜ். (கெட்டியான கவசத்தில் குத்தினால் கை அடிபடும் விதி கர்ப்ஸ் என்ற இன்னொரு ஆட்டத்தில் உண்டு, எண்ணம் அங்கிருந்து வந்தது.) பயிற்சி இல்லாமல் வெறுங்கையோடு ஆயுதக்காரரைத் தாக்கினால், அவர் தன் ரியாக்‌ஷனைச் (சுற்றுக்கு ஒருமுறை கிடைக்கும் பதில் செயல்) செலவழித்து முதலில் வெட்டலாம். பிடியில் சிக்கிய கவசக்காரர்மேல் குறுவாளால் குத்தினால் அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுக்கலாம்). குத்தின் டேமேஜைத் தொடவே இல்லை. மாங்க் (வெறுங்கைச் சண்டையில் தேர்ந்த துறவி) கேரக்டர்களுக்கு இரண்டாவதும் மூன்றாவதும் பொருந்தாது. வெறுங்கையால் இரும்பை வெல்வதற்காகவே அந்தக் கேரக்டரை ஒருவர் தேர்ந்தெடுக்கிறார், அதை அவரிடமிருந்து பிடுங்க நமக்கு உரிமையில்லை.

இனி வருத்தமான பகுதி. வரைவு எல்லோருக்கும் அனுப்பப்பட்டது. சோதனை ஆட்டத்துக்குப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர்கூட வரவில்லை, வரமுடியாது என்று முன்னதாகச் சொல்லவும் இல்லை. மேசை போட்டு, டிஎம் தயாராகி உட்கார்ந்திருக்க, ஆள் இல்லாமல் கலைந்த மாலைகள் உண்டு. ஜனவரி வாக்கெடுப்புக்கும் அதே கதிதான். விதி நடைமுறைக்கு வந்த பிறகு, "யாரைக் கேட்டு மாற்றினீர்கள்?" என்ற கேள்வி வந்தது. வந்தவர்களைக் கேட்டு, வராதவர்களுக்கும் அறிவித்துவிட்டுத்தான் மாற்றினோம். கையெழுத்துள்ள வருகைப் பதிவேடு மேசைமேல் இருக்கிறது, யாரும் பார்க்கலாம்.

வரவுசெலவைப் பொருளாளர் தனியே தாக்கல் செய்வார். பொதுவாகச் சொன்னால், வரவு செலவுக்குச் சற்றுக் குறைவு. குறைவதற்கு முக்கியக் காரணம் சந்தா நிலுவை. கூடத்தின் வாடகையும் ஏறியிருக்கிறது. ஆட்டத்துக்குத் தவறாமல் வந்து, சந்தாவை மட்டும் மறந்துவிடும் நண்பர்களின் பெயர்களை இங்கே படிக்க விரும்பவில்லை. பட்டியல் பொருளாளரிடம் உள்ளது.

தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், மாடியைத் தந்து உதவிய கட்டட உரிமையாளருக்கும், குத்துச்சண்டை விளக்கம் தந்த உறுப்பினருக்கும், டிஎம்களுக்கும் மன்றத்தின் சார்பில் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு வேலை பாக்கி இருக்கிறது. மனிதரைவிடப் பெரிய மிருகங்களோடு மல்லுக்கட்டுவதற்கான விதியைச் சோதிக்கவே இல்லை. ஒரு கரடியை ஃபைட்டர் கட்டிப்பிடித்து நிறுத்தலாமா என்பதில் இன்றும் மேசைக்கு மேசை தீர்ப்பு மாறுகிறது. அதற்கு மாதம் ஒரு மாலை கண்டிப்பாக வரக்கூடிய ஐந்தாறு பேர் வேண்டும். செயலாளர் பொறுப்பை ஏற்க வேறு யாரும் முன்வந்தால் சாவியையும் பதிவேடுகளையும் இன்றே ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன். இல்லையென்றால் சோதனை ஆட்டத்துக்கான பெயர்ப்பட்டியல் வாசலருகே இருக்கிறது. சந்தா ரசீதுப் புத்தகமும் அதன் பக்கத்திலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்