தேனீ நாணயம் வாங்குவோர் கவனத்திற்கு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

தேனீ, வெட்டுக்கிளி, நண்டு, ஆமை பொறித்த பண்டைய கிரேக்க நாணயங்களை நம் தோட்டப்புற இளைஞர்களும் இணையத்தில் வாங்கத் தொடங்கிவிட்டார்கள். போலிகளும் கூடவே வருகின்றன.

இன்றைய துருக்கியில் இருந்த பண்டைய கிரேக்க நகரான எபேசுவின் நான்கு டிராக்மா (கிரேக்கப் பண அலகு) வெள்ளி நாணயத்தைப் பாருங்கள். முன்புறம் தேனீ, அதன் இருபுறமும் எப்சிலன் (Ε), ஃபை (Φ) என்ற கிரேக்க எழுத்துகள். பின்புறம் தலையைத் திருப்பிய மான், ஒரு பேரீச்ச மரம். எடை 15 கிராமை ஒட்டியிருக்கும். நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிட்டு நிறுத்தால் சுமார் 1.4 கிராம் குறையும். 1.6 கிராமுக்கு மேல் குறைந்தால் உள்ளே செம்பு, மேலே வெள்ளி முலாம் என்று சந்தேகப்படலாம். (வெள்ளி என்றது உலோகத்தை; ரிங்கிட்டை அல்ல!) பழங்காலத்திலேயே இந்தத் தில்லுமுல்லு உண்டு.

நல்ல வெள்ளியில் செய்த போலி இதில் தப்பிவிடும். ஆகவே விளிம்பை லென்ஸில் பாருங்கள்: உருக்கி வார்த்த போலிக் காசில் அச்சு இணைந்த கோடு, அல்லது அதை அரத்தால் தேய்த்த தடம் தெரியும். கையால் அடித்த இரண்டு காசுகளுக்கு ஒரே விளிம்பு வடிவம் அமையாது. அமைந்தால் ஒன்றாவது போலி.

நம் ஊர் ஈரத்துக்கு பிவிசி பிளாஸ்டிக் உறை கூடவே கூடாது, பச்சைப் பிசுக்கு கசியும். மைலார் (பாலியெஸ்டர்) உறையும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் போதும். வெண்கலக் காசில் வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் குளோரைடு அரிக்கிறது. உடனே மற்ற காசுகளிலிருந்து பிரித்து உலர்வாக வையுங்கள்.

நாணயச் சேகரிப்பாளர்கள்,
சுங்கை சிப்புட்