ரிவர்ஸ் பாடம்

அன்புள்ள செல்வராசு,

உன் கடிதம் வந்தது. முட்டிவலி தேவலையா? இங்கே மருமகளுக்குச் சேலத்துக்கு மாற்றல். பேத்தி பள்ளிக்கூடம் மாற மாட்டேன் என்கிறாள். வீடு இரண்டுபட்டுக் கிடக்கிறது.

உன் அக்கா மகன் டிராக்டரை நன்றாக ஓட்டுகிறான், டிரெய்லரோடு ரிவர்ஸ் எடுத்தால் மட்டும் வாய்க்காலில் இறக்கிவிடுகிறான் என்று எழுதியிருந்தாய். "எதிர்ப்பக்கம் ஒடிடான்னா ஒடிக்க வேண்டியதுதானே, காரணம் எதுக்கு?" என்கிறாய். காலமெல்லாம் இயற்பியல் நடத்தியவனிடம் கேட்கிற கேள்வியா இது!

1908இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் ஜட் என்பவர் ஒரு சோதனையை வெளியிட்டார். தண்ணீருக்கடியில் இலக்கை வைத்து, பள்ளிச் சிறுவர்களைக் கையெறி அம்பு எறியச் சொன்னார். ஒரு குழுவுக்கு மட்டும் ஒளிவிலகலை, அதாவது தண்ணீரிலிருந்து வரும் ஒளி வளைவதால் இலக்கு இடம் மாறித் தெரிவதை, விளக்கியிருந்தார். 12 அங்குல ஆழத்தில் இரண்டு குழுவும் ஒன்றுபோலத்தான் எறிந்தன. பாடம் கேட்டு ஒரு புண்ணியமும் இல்லை! ஆழத்தை 4 அங்குலமாகக் குறைத்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. காரணம் அறியாதவர்கள் பழைய பழக்கத்திலேயே எறிந்து தடுமாறினார்கள். அறிந்தவர்கள் சீக்கிரமே குறியை மாற்றிக்கொண்டார்கள்.

உங்களுடையது ரெண்டு சக்கர டிரெய்லர். ரிவர்ஸில் வலப்பக்கம் ஒடித்தால் டிராக்டரின் பின்புறம் வலப்பக்கம் போகும், கொக்கி டிரெய்லரின் மூக்கை அங்கே தள்ளும், வால் இடப்பக்கம் திரும்பும். சரி, நாளைக்கு யாராவது நாலு சக்கர டிரெய்லரை மாட்டிக் கொடுத்தால்? அதில் முன் அச்சும் தனியாகத் திரும்பும். மடங்கும் இடம் இரண்டாகிவிடுவதால் உன் 'எதிர்ப்பக்கம்' அப்படியே தலைகீழாகும். மனப்பாடம் செய்தவன் அங்கே திணறுவான். எங்கே மடங்குகிறது என்று பார்க்கத் தெரிந்தவன் கீழே இறங்கி ஒரு நோட்டம் விட்டுவிட்டு ஏறுவான்.

அதற்காகப் பேசியே கையைப் பழக்கிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. மூளை அறுவைக்குப் பின் எதையும் புதிதாக நினைவில் வைக்க முடியாத ஒருவரைப் பற்றி பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் 1962இல் எழுதினார். கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரைவதில் அவர் நாளுக்கு நாள் தேறினார். முந்தின நாள் வரைந்ததே ஞாபகமில்லை. கை தானாகப் படித்துக்கொள்கிற பாடமும் உண்டு, செல்வராசு. ஒடித்த ஸ்டியரிங்கை எந்த நொடியில் திருப்பிக்கொள்வது என்பதை நீயும் சொல்லித்தர முடியாது, நானும் முடியாது.

அறுத்த வயலில் அவனை விட்டுவிடு, வாய்க்கால் பக்கம் வேண்டாம். முதலில் கொக்கியை மட்டும் காட்டு. திட்டாதே. பொங்கலுக்கு வரும்போது நானும் பார்க்கிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
நடராஜன்