மைதானம் தந்தவர்களுக்கும் காற்றுப் பார்த்துச் சொன்னவர்களுக்கும்

கடற்புறத்துச் சொந்தங்களுக்கும், சென்னையில் எங்களைச் சேர்த்துக்கொண்ட அக்காமாருக்கும் வணக்கம்.

சென்னையில் நடந்த பெண்கள் அல்டிமேட் ஃபிரிஸ்பி (தட்டு எறிந்து ஆடும் ஆட்டம்) போட்டி முடிந்து ஊர் வந்து சேர்ந்துவிட்டோம். காலிறுதியில் தோற்றோம். கோப்பை எங்கே என்று கேட்பவர்களுக்குக் காட்ட இப்போதைக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் முட்டத்துக்கும் குளச்சலுக்கும் நடுவிலுள்ள ஊர்ப் பிள்ளைகள் ஒரு அணியாக ரயிலேறிப் போய் ஆடிவிட்டு வந்திருக்கிறோம். அதற்குக் காரணமானவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி ஃபுட்பால் பையன்களுக்கு. கடற்கரையில் பழகும்போது பக்கத்துக்கு ஐந்து பேர் போதும், வெறுங்காலே போதும். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கறுப்பு மணலில் வெயில் ஏறிவிட்டால் கால் வைக்க முடியாது என்பது மட்டும்தான் சிக்கல். புல்தரைப் போட்டி அப்படியில்லை. பக்கத்துக்கு ஏழு பேர், 100 மீட்டர் நீளம், 37 மீட்டர் அகலம். அந்த அளவுக்கு இடம் தேடி அலைந்தபோது ஓரிடத்தில், "பொம்பளப் பிள்ளைகள் தட்டு எறிய மைதானம் எதுக்கு?" என்றே கேட்டார்கள். நம் கடற்புறத்தில் ஃபுட்பால் மைதானத்தை விட்டுக்கொடுப்பது சின்ன விஷயமில்லை. அதைச் செய்தார்கள் இந்தப் பையன்கள். எங்களுக்கு வேண்டியது அதன் அகலத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் என்று தெரிந்ததும், மிச்ச இடத்தில் அவர்களே ஒதுங்கி ஆடினார்கள். பங்குத்தந்தையிடம் போய்ப் பேசியதும் அவர்கள்தான். பந்து எங்கள் பக்கம் வந்த கணக்கைத் தனியாகப் பேசித் தீர்த்துக்கொள்வோம்.

எல்லைக்கு வைக்கக் கூம்பு வாங்கக் காசில்லை. கயிறு திரிக்கும் மாமா ஒரு சாக்கு கதம்பை (தேங்காய் உரிமட்டை) கொடுத்தார். சுண்ணாம்பில் முக்கிக் காயவைத்து மூலைக்கு மூலை வைத்தோம். மழையில் சுண்ணாம்பு கரைந்துபோனால் மறுநாள் இன்னொரு சாக்கு தருவார். "விளையாடுங்க மக்களே" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

கரையிலிருந்து கரமடி வலை இழுக்கும் பெரியவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தட்டின் எடை 175 கிராம்தான், காற்று நினைத்தபடி அதை ஆட்டும். எதிர்க்காற்றில் எறிந்தால் மேலே எழும்பி மிதக்கும், பின்காற்றில் சட்டென்று தாழும். இதையெல்லாம் வீடியோவில் பார்த்துப் பார்த்து மண்டை காய்ந்துகொண்டிருந்தோம். வலையை உதறியபடியே ஒரு தாத்தா சொன்னார்: "வெள்ளாப்புல கரைக்காத்து, அது சாது. வெயில் ஏறினா கடல்காத்து திரும்பும். திரும்புறதுக்கு முந்தி எறிஞ்சு பழகு, திரும்பின பொறவு எறிஞ்சு பாரு." எங்கள் பயிற்சி அட்டவணை அந்த நாளிலிருந்து அதுதான். ஆடி மாதக் காற்றைத் தாண்டி எறியப் பழகிய கைக்குச் சென்னைக் காற்று ஒரு பொருட்டாகவே இல்லை.

ரயில் செலவைப் பற்றி எழுதக் கூச்சமாக இருக்கிறது, எழுதாமலும் இருக்க முடியாது. மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். எங்களில் பாதிப்பேர் வீட்டில் அப்போது வருமானமே கிடையாது. டிக்கெட் எடுக்க வேண்டியதும் அந்த நேரத்தில்தான். எந்த அப்பாவும் 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று சொல்லவில்லை. கைக்குழந்தையை விட்டுவிட்டு ஆட வந்த அக்காவின் மாமியாருக்கும், கூலி வாங்காமல் ஜெர்சிக்கு எண் தைத்துக் கொடுத்த தையல் அக்காவுக்கும் எங்கள் கும்பிடு.

துணைக்கு வந்த அம்மாமாரே, உங்களை மறப்போமா? இந்த ஆட்டத்தில் நடுவர் கிடையாது. ஃபவுல் என்றாலும் அவுட் என்றாலும் ஆடுகிறவர்களே சொல்லி, பேசித் தீர்க்க வேண்டும். முதல் ஆட்டத்தில் எங்கள் பிள்ளை ஒருத்தி எல்லையோரம் பாய்ந்து பிடித்தாள். கால் கோட்டில் பட்டிருந்தது. கோட்டைத் தொட்டாலே வெளியே என்பது விதி. அவளே "அவுட்" என்று சொல்லித் தட்டைக் கீழே வைத்தாள். வெளியே அவள் அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு, "யாருமே பாக்கலியேட்டி, நீயா எதுக்குச் சொன்ன?" என்று போட்ட சத்தம் அடுத்த மைதானம் வரை கேட்டது. எதிரணிப் பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் அதே அம்மா கோட்டோரம் குனிந்து கால் பார்க்க ஆரம்பித்துவிட்டார், எங்கள் பிள்ளைகளையும் விடவில்லை.

சென்னை அக்காமாரே, தங்க இடம் தந்தீர்கள். எங்களைத் தோற்கடித்த பிறகும் உட்காரவைத்து, பத்து எண்ணுவதற்குள் தட்டை விட வேண்டிய பதற்றத்தில் நாங்கள் எங்கெங்கே கோட்டைவிட்டோம் என்று மணலில் வரைந்து காட்டினீர்கள். நாங்கள் கொண்டுவந்த முந்திரிக்கொத்தை நீங்கள் தீர்த்த வேகத்தை இங்கே எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. அடுத்த தடவை இரண்டு தூக்கு கொண்டுவருகிறோம்.

ஒரு சேதி. சனி, ஞாயிறு காலையில் கடற்கரையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்கிக் கொடுக்கப் போகிறோம். ஷூ வேண்டாம், காசும் வேண்டாம். வெயில் ஏறுவதற்கு முந்தி அனுப்பிவையுங்கள். ஃபுட்பால் பையன்களும் வரலாம், ஆனால் தட்டைக் காலால் தொடக் கூடாது.

அன்புடன்,
அணியின் சார்பில், கேப்டன்